ஒரே முகவரியில் ஒரு லாட்ஜ்: யூனிக்ஸ் கேட்வே எதை நினைவில் வைத்திருக்கிறது?

கார்த்திகை பிறந்து மாலை போட்டவர்கள் வரத் தொடங்கிவிட்டால் கன்னியாகுமரியில் அறை கிடைப்பது பெரும்பாடு. சபரிமலைக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் முக்கடலைப் பார்க்காமல் ஊருக்குப் போவதில்லை. 40 அறைகள் உள்ள ஒரு லாட்ஜை எடுத்துக்கொள்வோம். அறைக்கு நான்கு பேர் என்றாலும் 160 கைபேசிகள். விடியுமுன் எழுந்து சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள், திரும்பி வந்ததும் எடுத்த படங்களை ஏறக்குறைய ஒரே நேரத்தில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இத்தனைக்கும் அந்தக் கட்டடத்துக்கு வருவது ஒரு ஃபைபர் இணைப்பு. இணைய நிறுவனம் தந்திருப்பது ஒரே ஒரு ஐபி முகவரி. 160 கைபேசிகளும் வெளியுலகின் கண்ணுக்கு ஒரே கருவியாகத்தான் தெரிகின்றன.

இந்த வேலையைச் செய்வது நெட்வொர்க் முகவரி மாற்றம். சுருக்கமாக நேட். சந்தையில் விற்கும் எல்லா வைஃபை ரூட்டர்களிலும் இது உள்ளே இருக்கிறது. ஆனால் 160 பேர் கூடும் இடத்தில், வீட்டுக்கென்று செய்த ரூட்டர் மூச்சு வாங்குவதைப் பார்க்கலாம். இரண்டு நெட்வொர்க் கார்டு பொருத்திய ஒரு பழைய கணினியில் ஓபன்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் ஆகிய யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஏதாவது ஒன்றை நிறுவினால் அதைவிடப் பல மடங்கு தாங்கும். உள் நெட்வொர்க்குக்கும் வெளி இணையத்துக்கும் நடுவே நிற்கும் இந்தக் கணினிதான் கேட்வே. அமைப்பதும் எளிது. நேட்டுக்கான விதி ஒரே வரி. அந்த ஒரு வரியை நகலெடுத்துப் போட்டுவிட்டு, இணையம் வந்துவிட்டது என்று எழுந்து போகிறவர்கள்தான் பிறகு வாரக்கணக்கில் காரணம் தெரியாத பழுதுகளோடு மல்லுக்கு நிற்கிறார்கள். விதியில் அநேகமாகக் கோளாறு இருக்காது. அந்த விதியால் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் உருவாகும் அட்டவணையில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்று பார்த்துவிடலாம். ஐபியின் நான்காம் பதிப்பான ஐபிவி4-இல் முகவரி 32 பிட் நீளம். மொத்தம் 4,294,967,296 முகவரிகள். உலக மக்கள்தொகையைவிடக் குறைவு. இது போதாது என்பது 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் ஈகெவாங், பால் பிரான்சிஸ் இருவரும் எழுதிய, இணைய நெறிமுறைகளைப் பதிவுசெய்யும் ஆர்எஃப்சி வரிசையின் 1631-ஆம் ஆவணம் முகவரி மாற்றத்தை ஓர் இடைக்கால ஏற்பாடாக முன்வைத்தது. 1996 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 1918 வந்தது. 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய மூன்று தொகுதிகளை யார் வேண்டுமானாலும் உள்ளுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம், பொது இணையத்தில் அவை செல்லாது என்று அது வகுத்தது. உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பகிர்ந்து கொடுக்கப்பட்டுவிட்டன. ஆசிய-பசிபிக் பகுதியின் கையிருப்பு அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று கடைசித் தொகுதிக்கு வந்து நின்றது. இடைக்காலம் என்று தொடங்கியது 30 ஆண்டைக் கடந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

கைபேசி வருவதற்கு முந்தைய லாட்ஜ்களை நினைத்துப் பார்த்தால் நேட் சட்டென்று புரியும். வெளியே போக ஒரே தொலைபேசி எண்; அறைகளுக்கு உள் எண்கள். எந்த அறைக்காரர் எந்த ஊருக்குப் பேசினார் என்பதை வரவேற்பு மேசையில் இருப்பவர் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். திரும்ப அழைப்பு வந்தால் நோட்டைப் புரட்டி அறைக்கு இணைப்பு கொடுப்பார். நோட்டு தொலைந்தால் எல்லாம் போச்சு.

இனி உண்மையான பேக்கெட் ஒன்றை, அதாவது இணையத்தில் போகும் ஒரு தரவுப் பொட்டலத்தை, பின்தொடர்வோம். 12-ஆம் அறையில் இருக்கும் கைபேசியின் உள்முகவரி 192.168.10.23. அது 51344 என்ற போர்ட்டிலிருந்து (ஒரே கருவியின் பல இணைப்புகளைப் பிரித்தறிய உதவும் எண்) 198.51.100.7 என்ற சர்வரின் 443-ஆம் போர்ட்டுக்கு இணைப்புக் கேட்கிறது. பேக்கெட் கேட்வே கணினிக்கு வருகிறது. கெர்னல் அனுப்புநர் முகவரியை அழித்து, தன் வெளிமுகவரியான 203.0.113.5-ஐ எழுதுகிறது. அனுப்புநர் போர்ட்டையும் 57012 என்று மாற்றுகிறது. முகவரி மாறியதால் ஐபி தலைப்பின் சரிபார்ப்பு எண்ணைத் திருத்த வேண்டும். இணைப்பைப் பராமரிக்கும் நெறிமுறையான டிசிபி தன் சரிபார்ப்புக் கணக்கில் ஐபி முகவரிகளையும் சேர்த்துக்கொள்வதால் அதையும் திருத்த வேண்டும். பிறகு அட்டவணையில் ஒரு வரிசை: உள்முகவரியும் போர்ட்டும், வெளிமுகவரியும் போர்ட்டும், சேருமிடம், நெறிமுறை, இணைப்பு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இந்த வரிசை எத்தனை நொடியில் காலாவதியாகும். சர்வரின் பதில் 57012-க்கு வரும்போது கெர்னல் விதிகளைப் பார்ப்பதே இல்லை. அட்டவணையைப் பார்த்து, மாற்றியதைத் திருப்பி மாற்றி, 12-ஆம் அறைக்கு அனுப்புகிறது. பிங் போன்ற ஐசிஎம்பி (சோதனைக்கும் பிழை அறிவிப்புக்குமான நெறிமுறை) பேக்கெட்டுகளுக்குப் போர்ட் கிடையாது. அங்கே கேள்வி எண் போர்ட்டின் இடத்தைப் பிடிக்கிறது.

அமைப்பில் மூன்று வேலைகள். ஒன்று, கெர்னல் ஓர் இன்டர்ஃபேஸில் (நெட்வொர்க் கார்டில்) வந்த பேக்கெட்டை இன்னொன்றில் கடத்த அனுமதி. இது எல்லா அமைப்புகளிலும் இயல்பாக மூடியே இருக்கும். ஓபன்பிஎஸ்டியில் சிஸ்சிடிஎல் என்ற கெர்னல் அமைப்பில் நெட்-ஐநெட்-ஐபி-ஃபார்வர்டிங் என்பதை 1 ஆக்க வேண்டும். லினக்ஸில் அதற்கு இணையானது ஐபி-ஃபார்வர்ட். ஃப்ரீபிஎஸ்டியில் ஆர்சி கோப்பில் கேட்வே-எனேபிள் என்ற வரி. இரண்டு, நேட் விதி. மூன்று, உள்ளே இருப்பவர்களுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபியும் பெயர் தேடித்தரும் டிஎன்எஸ்ஸும். மூன்றாவதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒன்றுதான்: லாட்ஜ் போல ஆட்கள் தினமும் மாறும் இடத்தில் /24 தொகுதியின் 254 முகவரிகளும் நீண்ட குத்தகைக் காலமும் சேர்ந்தால், ஆள் போன பிறகும் முகவரி பிடிபட்டே கிடக்கும். குத்தகையைச் சில மணி நேரமாகக் குறையுங்கள். அல்லது அதைவிடப் பெரிய /22 தொகுதி கொடுங்கள்.

விதியின் வரலாறு சற்றுக் கலகலப்பானது. லினக்ஸில் 2.2 கெர்னல் காலத்தில் விதிகளை எழுத ஐபிசெயின்ஸ் இருந்தது. ரஸ்டி ரஸ்ஸல் தொடங்கிய நெட்ஃபில்டர் திட்டத்திலிருந்து 2001-இல் 2.4 கெர்னலோடு ஐபிடேபிள்ஸ் வந்தது. 2014 ஜனவரியில் 3.13 கெர்னலில் என்எஃப்டேபிள்ஸ் சேர்ந்தது. ஓபன்பிஎஸ்டி கதை வேறு. அதுவரை பயன்படுத்திவந்த டேரன் ரீடின் ஐபிஃபில்டரில் உரிமம் தொடர்பான தகராறு எழுந்தது. 2001-இல் அதைத் தூக்கிவிட்டார்கள். டேனியல் ஹார்ட்மையர் எழுதிய பேக்கெட் வடிகட்டியான பிஎஃப், அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் இடம்பிடித்தது. அவசரத்தில் பிறந்த பிள்ளை என்று சொல்லவே முடியாத அளவுக்கு அதன் விதிமொழி தெளிவானது. புதிதாகக் கற்பவருக்கு நான் பிஎஃப்பைத்தான் சொல்வேன்.

பிஎஃப் கோப்பில் எழுதும் அந்த வரி சொல்வது இது: ஈக்ரெஸ் குழுவின் வழியாக வெளியேறும் ஐபிவி4 பேக்கெட், உள் நெட்வொர்க்கிலிருந்து வந்திருந்தால், அதன் அனுப்புநரை ஈக்ரெஸ் முகவரியாக மாற்று. ஈக்ரெஸ் என்பது இயல்புநிலைப் பாதை எந்த இன்டர்ஃபேஸில் இருக்கிறதோ அதற்கு அமைப்பே வைத்திருக்கும் குழுப்பெயர். மாற்றச் சொல்லும் குறிச்சொல் நேட்-டு. 2010-இல் வந்த 4.7 பதிப்புக்கு முன் நேட் விதிகள் தனிப் பகுதியாக, வேறு வடிவத்தில் இருந்தன. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளை அப்படியே போட்டால் பிழை வருவது அதனால்தான். ஃப்ரீபிஎஸ்டியின் பிஎஃப் நெடுங்காலம் அந்தப் பழைய வடிவத்தையே வைத்திருந்தது என்பதால் குழப்பம் இரட்டிப்பு. எந்த அமைப்பில் இருக்கிறீர்களோ அதன் கையேட்டுப் பக்கத்தை மட்டும் நம்புங்கள்.

அந்த வரியில் ஒரு சின்னக் குறியை யாரும் கவனிப்பதில்லை. ஈக்ரெஸ் என்ற சொல்லைச் சுற்றிப் பிறை அடைப்பு போட வேண்டும். அடைப்பு இல்லாவிட்டால், கோப்பை ஏற்றிய நொடியில் அந்த இன்டர்ஃபேஸுக்கு என்ன முகவரி இருந்ததோ அதுவே விதியில் உறைந்துவிடும். அடைப்பு இருந்தால் முகவரி மாறும்போதெல்லாம் விதியும் மாறும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது முக்கியம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இங்கே பெய்கின்றன. இரண்டு பருவத்திலும் மின்சாரம் போய்ப்போய் வரும். ஃபைபர் பெட்டி அணைந்து எழும்போது பிபிபிஓஈ இணைப்பு (பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைய நிறுவனத்தோடு இணையும் முறை) புதிதாகப் பிறக்கும். முகவரியும் பெரும்பாலும் புதிதாக வரும். லினக்ஸில் இதே வேறுபாடு எஸ்நேட், மாஸ்கரேட் என்ற இரண்டு இலக்குகளாக நிற்கிறது. முகவரி நிலையானது என்றால் எஸ்நேட். மாறக்கூடியது என்றால் மாஸ்கரேட்.

விதி சரியாக இருந்தும் ஒரு பழுது வரும். மின்சாரம் போய் வந்த பிறகு எல்லோருக்கும் இணையம் வேலை செய்யும்; வரவேற்பறை ஐபி தொலைபேசி மட்டும் ஊமையாக நிற்கும். அந்தத் தொலைபேசி சில நொடிக்கு ஒருமுறை தன் சர்வருக்கு ஒரு யுடிபி பேக்கெட் (இணைப்பு ஏற்படுத்தாமலே அனுப்பும் வகை) அனுப்பிக்கொண்டே இருக்கும். அட்டவணையில் அதற்கான வரிசை பழைய வெளிமுகவரியோடு இருக்கிறது. ஒவ்வொரு பேக்கெட்டும் அந்த வரிசையின் ஆயுளைப் புதுப்பிக்கிறது. எனவே அது காலாவதியாவதில்லை. பேக்கெட்டுகள் செல்லாத முகவரியோடு வெளியே போய்த் தொலைகின்றன. புது விதி இந்த இணைப்பைத் தொடவே தொடாது, ஏனென்றால் அட்டவணையில் வரிசை இருக்கும்வரை விதியைக் கேட்கும் பேச்சே இல்லை. லினக்ஸிலும் ஓர் இணைப்பின் முதல் பேக்கெட் மட்டுமே நேட் சங்கிலியைப் பார்க்கிறது; மற்றவை அட்டவணைப்படி போகின்றன. தொலைபேசியை 10 நிமிடம் அணைத்து வைத்தால் தானாகச் சரியாகிவிடும். பிஎஃப்பை இயக்கும் பிஎஃப்சிடிஎல் கட்டளையின் கே விருப்பத்தால் அந்த வரிசையை மட்டும் கொன்றாலும் போதும். மாஸ்கரேட் இந்த இடத்தில் புத்திசாலி: இன்டர்ஃபேஸ் விழுந்ததுமே அதன் பழைய இணைப்புகளை மறந்துவிடுகிறது.

அட்டவணை வரிசைகளின் ஆயுளைத் தெரிந்துவைத்துக்கொள்வது பாதி வைத்தியம். பிஎஃப்பில் நிலைபெற்ற டிசிபி இணைப்புக்கு 86,400 நொடி, அதாவது ஒரு நாள். லினக்ஸில் 4,32,000 நொடி, ஐந்து நாள். யுடிபிக்கு இணைப்பு என்ற ஒன்றே கிடையாது என்பதால் கணக்கு நொடிகளில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பேசினால் இரண்டிலும் 30 நொடி. வயர்கார்டு என்ற மறையாக்கச் சுரங்கப்பாதை (விபிஎன்) அமைக்கிறவர்கள் 25 நொடிக்கு ஒருமுறை துடிப்பு அனுப்பச் சொல்வது இந்த 30-ஐ முந்திக்கொள்ளத்தான்.

லாட்ஜில் காலை நெரிசலின்போது என்ன நடக்கும்? ஒரு கைபேசி ஒரே சமயத்தில் பத்து, இருபது இணைப்புகளைத் திறந்து வைத்திருப்பது சாதாரணம். டிஎன்எஸ் கேள்விகள் தனி. 160 கைபேசிக்குச் சில ஆயிரம் வரிசைகள். பிஎஃப்பின் இயல்பு வரம்பு 1,00,000, கவலையே இல்லை. வரம்பில் 60 விழுக்காட்டைத் தாண்டினால் பிஎஃப் எல்லா ஆயுளையும் படிப்படியாகச் சுருக்கி இடம் பிடிக்கும். லினக்ஸில் வரம்பு நினைவகத்தைப் பொறுத்தது. நிரம்பிவிட்டால் கெர்னல் பதிவேட்டில் அட்டவணை நிரம்பியது, பேக்கெட் கைவிடப்படுகிறது என்று ஒரு வரி வரும். இணையம் மெதுவாக இருக்கிறது என்று நிறுவனத்துக்குப் புகார் செய்யும் முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்டுகள்தாம், எனவே அதற்கு மேல் இணைப்பு முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. பிஎஃப் தன் நேட்டுக்கு எடுத்துக்கொள்வது 50001 முதல் 65535 வரை. அதாவது 15,535 போர்ட்டுகள் மட்டுமே. ஆனால் வரிசையை அடையாளம் காண்பதில் சேருமிடமும் சேர்த்தி. ஒரே போர்ட்டை இரண்டு வெவ்வேறு சர்வர்களுக்குப் பயன்படுத்தலாம். எல்லோரும் ஒரே சர்வரின் ஒரே போர்ட்டுக்குப் போனால்தான் தட்டுப்பாடு.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பிஎஃப் ஒவ்வொரு சேருமிடத்துக்கும் வேறு போர்ட்டை, அதுவும் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கிறது. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் இரண்டு கைபேசிகள் நடுவில் சர்வர் இல்லாமல் நேரடியாகப் பேச முயலும்போது, மறுமுனை எந்தப் போர்ட்டை எதிர்பார்ப்பது என்று தெரியாமல் தோற்றுப்போகும். வீடியோ அழைப்புகள் அப்போது இடைச் சர்வர் வழியே சுற்றிப் போகின்றன. விளையாட்டுக்கும் சில ஐபி தொலைபேசிகளுக்கும் ஸ்டாட்டிக்-போர்ட் என்ற விருப்பம் உதவும். எல்லோருக்கும் அதைப் போட்டுவிடாதீர்கள். குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும் போடுங்கள்.

இதுவரை வெளியே போவதைப் பற்றிப் பேசினோம். உள்ளே வருவதுதான் மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கிற ஊர்கள். பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டில் கேமரா மாட்டி, துபாயிலிருந்தோ தம்மாமிலிருந்தோ பார்க்க விரும்புகிறார் மகன். வெளியிலிருந்து வரும் முதல் பேக்கெட்டுக்கு அட்டவணையில் வரிசை இருக்காது. கேட்வே அதைக் கைவிடும். அதனால் இன்ன போர்ட்டுக்கு வந்தால் கேமராவுக்குத் தள்ளு என்று ஒரு விதி எழுத வேண்டும். பிஎஃப்பில் ஆர்டிஆர்-டு, லினக்ஸில் டிநேட். விதி எழுதியாகிவிட்டது, கையேட்டில் சொன்னபடியே இருக்கிறது, ஆனாலும் துபாயில் படம் வரவில்லை. ஏன்?

கேட்வேயின் வெளி இன்டர்ஃபேஸில் உள்ள முகவரியைப் பாருங்கள். அது 100.64.0.0-க்கும் 100.127.255.255-க்கும் இடையில் இருந்தால் தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம். 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 ஒதுக்கிய தொகுதி அது. இணைய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களையே ஒரு நேட்டுக்குப் பின்னால் நிறுத்துவதற்காக ஒதுக்கியது. உங்கள் கேட்வேயில் ஓர் அட்டவணை. நிறுவனத்தின் கருவியில் இன்னோர் அட்டவணை. இரண்டாவதில் நீங்கள் விதி எழுத முடியாது. நிலையான முகவரிக்குப் பணம் கட்டுவது ஒரு வழி. சிறிய வாடகைச் சர்வர் ஒன்றை எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு சுரங்கம் போட்டு, மகனையும் அதே சர்வருக்கு வரச் சொல்வது இன்னொரு வழி. வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கும் இணைப்பு என்பதால் இரண்டு அட்டவணையிலும் வரிசை விழும். லினக்ஸ் 5.6, ஓபன்பிஎஸ்டி 6.8 முதல் வயர்கார்டு கெர்னலிலேயே இருக்கிறது. கேமராவின் போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைப்பதைவிட இதுதான் மரியாதையான வழியும்கூட. தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு நிற்கும் கேமராவைத் தேடிப்பிடிக்க நிரல்களுக்கு அதிக நேரம் ஆவதில்லை.

பொது முகவரி கிடைத்து, துபாயில் படம் வந்தபின் வீட்டுக்குள்ளிருந்து அதே வெளிமுகவரியில் பார்த்தால் வராது. பேக்கெட் கேட்வே வரை போய்க் கேமராவுக்குத் திரும்புகிறது; கேமராவோ பக்கத்திலேயே இருக்கும் கைபேசிக்கு நேராகப் பதில் சொல்கிறது. கேட்காத இடத்திலிருந்து வந்த பதிலைக் கைபேசி ஏற்காது. உள் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு உள்முகவரியைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அது நேட்டின் குற்றமில்லை, பிபிபிஓஈயின் எட்டு பைட். ஈதர்நெட்டில் ஒரு பேக்கெட் கொள்ளும் 1500 பைட்டில் எட்டு போய் 1492 மிஞ்சுகிறது. பெரிய பேக்கெட்டுக்கு இடமில்லை என்ற ஐசிஎம்பி அறிவிப்பை யாரோ வழியில் தடுத்துவிட்டால் மறுமுனைக்குத் தகவல் போகாது. பிஎஃப்பில் ஒரு டிசிபி பேக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவான மேக்ஸ்-எம்எஸ்எஸ் என்பதை 1440 என்று வையுங்கள். ஓபன்பிஎஸ்டியின் பிபிபிஓஈ கையேடே சொல்லும் எண் அது.

லாட்ஜ் நடத்துகிறவருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இன்ன தேதி, இன்ன நேரம், இந்த முகவரியிலிருந்து ஒரு மிரட்டல் போயிருக்கிறது என்று காவல் நிலையத்திலிருந்து கேட்டால், முகவரி உங்களுடையது, ஆள் யார்? அட்டவணை வரிசை என்றோ அழிந்திருக்கும். அதைப் பதிவாக எழுதி வைத்திருந்தால்தான் பதில் சொல்ல முடியும். அதிலும் போர்ட் எண்ணும் நொடி பிசகாத நேரமும் வேண்டும். எனவே கடிகாரத்தை, இணையம் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியால் ஒத்திசையுங்கள். டிஎச்சிபி குத்தகைப் பதிவையும் நேட் பதிவையும் சேர்த்து வையுங்கள். நிறுவனங்கள் கணினிப் பதிவுகளை 180 நாள் காத்துவைக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு சொல்கிறது.

கடைசியாக, பல மடங்கு அதிக முகவரிகள் கொண்ட புதிய பதிப்பான ஐபிவி6. இணைய நிறுவனம் அதையும் கொடுத்திருந்தால், ஒவ்வொரு கைபேசிக்கும் பொது முகவரியே கிடைக்கும், நேட் தேவையில்லை. ஆனால் இதுவரை நேட்டின் பக்கவிளைவாகக் கிடைத்த மறைவும் இருக்காது. ஐபிவி4-க்கு மட்டும் விதி எழுதிவிட்டு ஐபிவி6-ஐத் திறந்துவிட்ட கேட்வேயில், கேமராவும் பிரின்டரும் வெளிச்சத்தில் நிற்கும். கோப்பின் தொடக்கத்தில் எல்லாவற்றையும் தடு என்ற ஒற்றை வரியை எழுதுங்கள்; பிஎஃப்பில் அது ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் பொருந்தும். அதன் கீழே உள்ளிருந்து தொடங்குவதை மட்டும் அனுமதியுங்கள். ஐபிவி6-க்கான ஐசிஎம்பியை மட்டும் அடியோடு தடுத்துவிடாதீர்கள். பக்கத்துக் கருவியைக் கண்டுபிடிப்பதும், பேக்கெட் பெரிதாக இருக்கிறது என்று சொல்வதும் அதன் வேலை. ஐபிவி6-இல் இடைவழி ரூட்டர்கள் பேக்கெட்டைத் துண்டாக்குவதில்லை என்பதால் அந்த அறிவிப்பு அவசியம்.